பாலியல் பதற்றமும் இன்ப அனுபவத்தின் தன்னறிவும்: உளவியல், உடலியல், தமிழ் மரபு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பாலியல் இன்பம் மனித வாழ்வின் இயல்பான கூறாக இருப்பினும், அதனைப் பற்றிய அச்சமும் குற்றவுணர்வும் அறியாமையும் பலரது வாழ்வில் அந்த இன்பத்திற்கே தடையாகின்றன. பதற்றம் பாலியல் கிளர்ச்சியை எவ்வாறு தடுக்கிறது, தன் உடலையும் உள்ளத்தையும் கவனித்தறிதல் அப்பதற்றத்தை எவ்வாறு தணிக்கிறது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. விந்திழப்பு அச்சம், செயற்பாட்டுப் பதற்றம், பெண்ணின் இன்பம் குறித்த அறியாமை ஆகிய மூன்றும் இங்கு முதன்மை எடுத்துக்காட்டுகளாகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் திருக்குறள் காமத்துப்பாலும் பொருத்தமான இடங்களில் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாலியல் இன்பம், செயற்பாட்டுப் பதற்றம், விந்திழப்பு அச்சம், புலன் குவிப்பு, தன்னறிவு, உவகை.

முன்னுரை

பாலியல் நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட செயல்முறை வரையறை, வற்புறுத்தல், பாகுபாடு, வன்முறை ஆகியவை இன்றி இன்பமும் பாதுகாப்பும் கொண்ட பாலியல் அனுபவம் பெறும் வாய்ப்பையும் பாலியல் நலத்தின் பகுதியாகக் கொண்டது. பாலியல் நலத்திற்கான உலகச் சங்கம் 2019ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் பாலியல் இன்பம் குறித்துத் தனியே ஓர் அறிவிப்பினை ஏற்றது. இவ்வாறு இன்பம் என்பது நலவியலின் பேசுபொருளாக நிலைபெற்றுள்ளது.

ஆயினும் தமிழ்ச்சூழலில் இப்பொருள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே பேசப்படுகிறது. ஒன்று இலக்கிய வகுப்பறை. மற்றொன்று ‘ஆண்மைக்குறைவு’, ‘நரம்புத் தளர்ச்சி’ என அச்சுறுத்தும் விளம்பரம். வகுப்பறையில் காமம் உயர்ந்த அகப்பொருளாகப் போற்றப்படுகிறது. வாழும் உடலோடு அது தொடர்புபடுத்தப்படுவதில்லை. விளம்பரத்தில் உடல் மட்டுமே உண்டு. அதுவும் பழுதுபட்ட உடலாகவே காட்டப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, தன் அனுபவத்தைத் தான் புரிந்துகொள்ள விழையும் ஒருவருக்குத் தேவையான விளக்கம் அரிதாகவே கிடைக்கிறது. அவ்விடைவெளியை நிரப்பும் சிறு முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

1. அச்சமும் உவகையும்: மெய்ப்பாட்டியல் தரும் வகைப்பாடு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதலை எட்டு வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் அச்சமும் உவகையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் சுட்டப்படுகின்றன. உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவை நிலைக்களன்கள். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவை நிலைக்களன்கள்.

இவ்வகைப்பாட்டில் இரண்டு செய்திகள் இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானவை. முதலாவதாக, புணர்வு விளையாட்டுடன் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. விளையாட்டின் இயல்பு அதன் பயன் அதற்குள்ளேயே அமைந்திருப்பதாகும். தேர்வைப் போல அது வெற்றி தோல்வியால் மட்டும் அளக்கப்படுவதில்லை. புணர்வு தேர்வாக மாறும்போது உவகையின் நிலைக்களனிலிருந்து அது விலகிவிடுகிறது எனக் கருத இடமுண்டு.

இரண்டாவதாக, அச்சத்தின் நிலைக்களன்கள் நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே இருப்பவை. ஆனால் பாலியல் பதற்றத்தில் அஞ்சப்படும் பொருள் புறத்தே இல்லை. தன் உடல் தன்னைக் கைவிட்டுவிடுமோ என்பதே அங்கு அச்சமாகிறது. நான்கனுள் இதற்கு ஓரளவு அண்மையது இறை எனலாம். தண்டிக்கும் ஆற்றல் உடையவர்முன் நிற்பவர் தம் பிழையை எண்ணி அஞ்சுவதுபோல, பதற்றமுற்றவர் தம் மனத்தையே நடுவராக அமர்த்தி அதன்முன் அஞ்சி நிற்கிறார். அச்சமும் உவகையும் வெவ்வேறு மெய்ப்பாடுகள் என்னும் பகுப்பு, உடலியல் நோக்கிலும் பொருளுடையதாதலைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

2. விந்திழப்பு அச்சம்

தென்னாசிய ஆண்களிடம் பரவலாகக் காணப்படும் பாலியல் பதற்றங்களுள் விந்திழப்பு அச்சம் முதன்மையானது. கனவில் விந்து வெளியேறுதல், சுய இன்பம், சிறுநீருடன் வெண்மையான நீர்மம் கலந்து வெளியேறுவதாகத் தோன்றுதல் ஆகியவற்றால் உடலின் ஆற்றல் வற்றிவிடுகிறது என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை. சோர்வு, உடல் மெலிவு, நினைவுக் குறைவு, உறக்கமின்மை, குற்றவுணர்வு ஆகியவை இதனுடன் சேர்ந்து வருகின்றன. இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960ஆம் ஆண்டு இந்நிலைக்குத் ‘தாது நோய்க்குறித்தொகுதி’ எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். பின்னர்ப் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பும் இதனைப் பண்பாடு சார்ந்த நிலைகளுள் ஒன்றாகக் குறித்தது.

இவ்வச்சத்திற்கு மரபு மருத்துவக் கருத்தொன்று பின்புலமாக உள்ளது. சித்த மருத்துவம் உடலை ஏழு கட்டுகளால் ஆனதாகக் கொள்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். ஒன்றிலிருந்து மற்றொன்று வடிந்து இறுதியாக உருவாவதே சுக்கிலம் என்னும் கருத்து, அதனை உடலின் சாறாக உயர்த்தியது. பல துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்து உருவாகிறது என்னும் மக்கள் வழக்கு இக்கருத்தின் எளிய வடிவமாகும்.

இவ்வச்சம் தென்னாசியாவிற்கு மட்டும் உரியதன்று. சுவிட்சர்லாந்து மருத்துவர் தீசோ 1760ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், சுய இன்பத்தால் உடலும் மனமும் சிதையும் என எச்சரித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் விந்தொழுக்கை ஒரு நோயாகவே கருதி மருத்துவம் செய்தனர். சுமதிபாலவும் உடன் ஆய்வாளர்களும் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையில், இவ்வச்சத்தைக் கீழைப் பண்பாட்டின் தனித்த நோயாகக் காண்பது பொருந்துமா என வினவியமைக்கு இவ்வரலாறே காரணம். மேலை மருத்துவம் அக்கருத்தைக் கைவிட்டது. தென்னாசியாவில் அது மரபுக் கருத்துடன் கலந்து நீடித்தது.

உடலியல் கூறும் செய்தி தெளிவானது. ஒருமுறை வெளியேறும் விந்துநீர் ஏறத்தாழ 2 முதல் 5 மில்லி லிட்டர் அளவினது. அதன் பெரும்பகுதி விந்துப்பையும் முன்னிலைச் சுரப்பியும் சுரக்கும் நீர்மம். அதில் நீர், பழச் சர்க்கரை, சிறிதளவு புரதம், உப்புகள் ஆகியவை உள்ளன. விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. அவையும் பருவமடைந்தபின் வாழ்நாளின் பெரும்பகுதியிலும் இடைவிடாது உருவாகின்றன. உமிழ்நீர் சுரந்து வெளியேறுவதால் உடல் நலிவதில்லை. விந்துநீர் வெளியேறுவதாலும் நலிவதில்லை. கனவில் வெளியேறுதல் வளரிளம் பருவத்தின் இயல்பான நிகழ்வாகும்.

இங்கு வழங்கும் சொற்களும் கவனத்திற்குரியவை. ‘கைப்பழக்கம்’ என்னும் சொல் ஓர் இயல்பான செயலைக் கெட்ட பழக்கமாக முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் சொல் நரம்பியல் மருத்துவர் காணும் எந்த நோயையும் குறிப்பதில்லை. ஆயினும் அது நோயறிதல் போலவே ஒலிக்கிறது. தம் சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும் உண்மையான காரணம் தேடவேண்டிய இளைஞர், அச்சொற்களால் தவறான திசைக்குத் திருப்பப்படுகிறார். அவர் மருத்துவரிடம் செல்வதற்கு முன்பே லேகியத்திற்கும் குளிகைக்கும் பெருந்தொகை செலவிட்டிருப்பார். மருந்து மற்றும் மாயத்தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954, மனிதரின் பாலியல் இன்பத் திறனைப் பேணுவதாகவோ மேம்படுத்துவதாகவோ கூறி மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. அச்சத்தை விற்பனைப் பொருளாக்குவது எவ்வளவு பழைய வணிகம் என்பதற்கு இச்சட்டமே சான்று.

3. பதற்றத்தின் உடலியல்

தன்னியக்க நரம்பு மண்டலம் இரு பிரிவுகளை உடையது. ஆபத்தை எதிர்கொள்ள உடலைத் தயார்செய்வது பரிவு நரம்பு மண்டலம். ஓய்வு, செரிமானம் முதலியவற்றைப் பேணுவது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். ஆணின் விறைப்பும் பெண்ணின் உறுப்புகளில் குருதி மிகுதலும் பெரிதும் எதிர்ப்பரிவு நரம்புகளைச் சார்ந்தவை. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் அந்நரம்புகளின் தூண்டலால் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது, குருதிக் குழாய்களின் மென்தசை தளர்கிறது, குருதி நிறைகிறது.

அச்சம் மிகும்போது பரிவு மண்டலம் ஓங்குகிறது. நார்அட்ரினலின் அதே மென்தசையைச் சுருங்கச் செய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. பாலியல் உறுப்புகளுக்குச் செல்லவேண்டிய குருதி குறைகிறது. எனவே அஞ்சிய நிலையில் விறைப்பு ஏற்படாமை உடலின் பழுதன்று. உடல் தன் பணியைச் செய்வதற்கான அடையாளமே. ஆபத்து உள்ளதென மனம் அறிவித்தால், உடல் இன்பத்தை ஒத்திவைக்கிறது.

விந்து வெளியேறும் நிகழ்வில் பரிவு நரம்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பதற்றமான நிலையில் சிலருக்கு விந்து முந்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பெண்களில் சிலருக்கு இடுப்புத்தளத் தசைகள் தம் விருப்பமின்றியே இறுகி, உறவு வலிமிக்கதாகவோ இயலாததாகவோ ஆகின்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாடு, வலியையும் இவ்விறுக்கத்தையும் ஒரே தலைப்பின்கீழ் இணைத்தது. கண்ணை நோக்கி விரல் வரும்போது இமை மூடுவதுபோல நிகழும் தற்காப்பு வினை இது. ‘ஒத்துழைக்க மறுக்கிறாள்’ எனக் குடும்பத்தார் இதனைப் பழிப்பது எவ்வளவு பிழையானது என்பது இதனால் விளங்கும்.

4. தன்னையே பார்வையிடும் மனம்

வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்த்திய ஆய்வுகள் இத்துறையில் திருப்புமுனையாயின. 1966ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது நூல் பாலியல் துலங்கலைக் கிளர்ச்சி, சமநிலை, உச்சம், தணிவு என நான்கு கட்டங்களாக விளக்கியது. 1970ஆம் ஆண்டு நூல், பாலியல் இடர்ப்பாடுகளுக்குத் தோல்வி அச்சத்தை முக்கியக் காரணமாகக் காட்டியது. அவ்வச்சம் ஒருவரைத் தம் அனுபவத்தின் பங்கேற்பாளர் நிலையிலிருந்து பார்வையாளர் நிலைக்குத் தள்ளுகிறது என்பது அவர்களது முடிவு. ‘விறைப்பு போதுமா’, ‘என் உடல் எப்படித் தோன்றுகிறது’, ‘இவ்வளவு நேரம் ஆகிறதே’ என மனம் ஓரமாக நின்று கணக்கெடுக்கிறது. கணக்கெடுக்கும் மனத்திற்கு நுகர நேரமில்லை.

உளவியலாளர் டேவிட் பார்லோ 1986ஆம் ஆண்டு இக்கருத்தை மேலும் துல்லியமாக்கினார். ஆய்வகச் சோதனைகளில், இடர்ப்பாடு இல்லாத ஆண்களுக்கு அச்சுறுத்தல் சில வேளைகளில் கிளர்ச்சியைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டியது. இடர்ப்பாடு உடையோருக்கு அது குறைத்தது. எனவே பதற்றத்தால் எழும் உடல் விழிப்பு மட்டும் காரணமன்று; கவனம் எங்குச் செல்கிறது என்பதே காரணம் என அவர் விளக்கினார். முதல் வகையினர் இன்பக் குறிப்புகளில் கவனம் வைக்கின்றனர். இரண்டாம் வகையினர் தோல்வியின் விளைவுகளில் கவனம் வைக்கின்றனர். மேலும், இரண்டாம் வகையினர் தம் உடலின் உண்மையான கிளர்ச்சியைக் குறைவாகவே மதிப்பிட்டனர். உடல் அளித்த செய்தியை அவர்கள் படிக்கத் தவறினர் எனலாம்.

இதிலிருந்து ஒரு சுழற்சி புலப்படுகிறது. களைப்பு, மது, மனக்கசப்பு போன்ற ஏதேனும் ஒரு காரணத்தால் ஒருமுறை தடை நேர்கிறது. அடுத்தமுறை அத்தடை திரும்புமோ என்னும் எதிர்பார்ப்பு எழுகிறது. அவ்வெதிர்பார்ப்பு கவனத்தைத் திருடுகிறது. திருடப்பட்ட கவனம் மீண்டும் தடையை உண்டாக்குகிறது. முதல் தடைக்கான காரணம் மறைந்த பின்னரும் அச்சம் தன்னைத்தானே ஊட்டிக்கொள்கிறது. முதலிரவே ஆண்மைக்கும் பெண்மைக்கும் சான்றாகக் கருதப்படும் சூழலில், முன்பின் நெருங்கிப் பழகாத இருவர் உறவினரின் எதிர்பார்ப்புக்கு நடுவே தனித்துவிடப்படுவதால், இச்சுழற்சி முதல் நாளிலேயே தொடங்கிவிடும் வாய்ப்பு மிகுதி.

5. முடுக்கமும் தடையும்

அமெரிக்காவின் கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேன்கிராஃப்ட், எரிக் ஜான்சென் இருவரும் உருவாக்கிய இரட்டைக் கட்டுப்பாட்டு மாதிரி, பாலியல் துலங்கலை இரு அமைப்புகளின் சமநிலையாகக் காண்கிறது. ஒன்று கிளர்ச்சியை எழுப்புவது. மற்றொன்று அதனைத் தடுப்பது. தடுக்கும் அமைப்பிலும் இரு கூறுகள் உள்ளன. முதலாவது செயற்பாட்டில் தோற்றுவிடுவோமோ என்னும் அச்சம் சார்ந்தது. இரண்டாவது கருவுறுதல், நோய்த்தொற்று, பிறர் அறிந்துகொள்ளுதல் முதலிய விளைவுகளைப் பற்றிய அச்சம் சார்ந்தது. இவ்வமைப்புகளின் உணர்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இம்மாதிரியின் பயன் நடைமுறை சார்ந்தது. இன்பம் குறையும்போது பெரும்பாலோர் முடுக்கத்தைக் கூட்டவே முயல்கின்றனர். புதிய தூண்டல், ஊக்க மருந்து, கூடுதல் முயற்சி ஆகியவற்றை நாடுகின்றனர். ஆனால் தடை அழுத்தப்பட்டிருக்கும்போது முடுக்கத்தைக் கூட்டுவதால் பயனில்லை. சில்டெனாஃபில் மருந்தின் இயல்பும் இதனை உணர்த்தும். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அம்மருந்து, கிளர்ச்சியால் தொடங்கும் குருதி நிறைவை நீடிக்கச் செய்கிறது. கிளர்ச்சியைத் தானே தோற்றுவிப்பதில்லை. ஆகவே முதலில் கேட்கவேண்டியது ‘என்ன கூட்டவேண்டும்’ என்பதன்று. ‘எது தடுக்கிறது’ என்பதே. கதவு தாழிடப்படாத அறை, மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்கும் மாமியார், கருத்தடை பற்றிய உறுதியின்மை, பகலில் எழுந்து தீராத பிணக்கு ஆகியவை மருத்துவ நூலில் இடம்பெறாத, ஆனால் உண்மையான தடைகள்.

6. பெண்ணின் இன்பமும் அறிவின் தாமதமும்

பெண்ணின் இன்பம் குறித்த அறியாமைக்கு அறிவியலும் விலக்கன்று. கிளிட்டோரிஸ் எனப்படும் இன்ப உறுப்பின் வெளியே தெரியும் பகுதி சிறியது. அதன் பெரும்பகுதி உடலினுள் யோனியின் இருபுறமும் விரிந்துள்ளது. மெல்போர்ன் நகர அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் தம் குழுவினருடன் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அன்றைய உடற்கூற்று நூல்களின் விளக்கங்கள் குறைபாடுடையவை எனக் காட்டியது. இன்பத்தைத் தவிர வேறு பணி அறியப்படாத ஓர் உறுப்பு இவ்வளவு காலம் முழுமையாக வரையப்படாமல் இருந்தமை தற்செயலன்று. மகப்பேற்றுக்குத் தொடர்பில்லாத பெண்ணின் இன்பம் ஆய்வுக்குரிய பொருளாகக் கருதப்படவில்லை.

இவ்வுடற்கூற்று உண்மையின் விளைவு எளிதில் விளங்கும். உறவு மட்டுமே போதிய தூண்டலைப் பல பெண்களுக்கு அளிப்பதில்லை. இதனை அறியாத இணையர், குறையைப் பெண்ணின் உடலிலோ ஆணின் திறனிலோ தேடுகின்றனர். இருவரிடமும் குறை இல்லாத இடத்தில் இருவரும் குற்றவுணர்வு கொள்கின்றனர்.

வேட்கை எழும் முறையிலும் வேறுபாடு உண்டு. கனடாவின் வான்கூவர் நகர மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டு முன்வைத்த மாதிரியின்படி, வேட்கை எப்போதும் முதலில் தோன்றுவதில்லை. நெருக்கத்தை விரும்பித் தொடங்கும் பெண்ணுக்கு, ஏற்ற சூழலும் தொடுகையும் கிளர்ச்சியைத் தர, அதன்பின் வேட்கை எழலாம். இதனைத் துலங்கல் வேட்கை என்பர். ஆண்களிலும் இவ்வகையினர் உளர். தானாகப் பொங்கும் வேட்கை இல்லாமையைக் குளிர்ச்சி எனவோ அன்பின்மை எனவோ கொள்ளுதல் பொருந்தாது. அதே வேளையில், ‘தொடங்கினால் விருப்பம் வந்துவிடும்’ என வற்புறுத்துவதற்கு இம்மாதிரி இடம் தருவதில்லை. தொடங்குவதற்கான விருப்பமும் நிறுத்துவதற்கான உரிமையும் அப்பெண்ணிடமே இருத்தல் இதன் முன்நிபந்தனை.

7. உடலின் துலங்கலும் உள்ளத்தின் அனுபவமும்

உடலின் கிளர்ச்சியும் உள்ளம் உணரும் கிளர்ச்சியும் எப்போதும் இணைந்து செல்வதில்லை. மெரடித் சிவர்ஸ் தலைமையிலான குழு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, 1969 முதல் 2007 வரையிலான ஆய்வகச் சோதனைகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. உறுப்பில் அளக்கப்பட்ட துலங்கலுக்கும் தாமே கூறிய கிளர்ச்சிக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு ஆண்களிடம் 0.66 ஆகவும் பெண்களிடம் 0.26 ஆகவும் இருந்தது.

இம்முடிவின் பொருள் ஆழமானது. ஈரம் சுரந்தமையாலோ விறைப்பு ஏற்பட்டமையாலோ ஒருவர் விரும்பினார் என முடிவு செய்ய இயலாது. வன்முறைக்கு உள்ளானோரில் சிலர், தம் உடல் துலங்கியதை எண்ணி நெடுங்காலம் குற்றவுணர்வில் உழல்கின்றனர். உடலின் அனிச்சைத் துலங்கல் இசைவாகாது என்னும் அறிவு அவர்களுக்கு விடுதலை அளிக்கும். மறுதலையாக, உள்ளம் விழையும்போதும் உடல் தாமதிக்கலாம். அதுவும் அன்பின்மைக்குச் சான்றாகாது. இன்பத்தைப் பற்றிய இறுதிச் சான்று அளவுகருவியிடமோ இணையரின் ஊகத்திடமோ இல்லை. அனுபவிப்பவரின் சொல்லிலேயே உள்ளது. அச்சொல்லைக் கூறுவதற்கு முதலில் அவர் தம் அனுபவத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

8. பதற்றம் தணிக்கும் முறைகள்

தன் அனுபவத்தை அறிதலே பதற்றத்தைத் தணிக்கும் வழியாதலைச் சிகிச்சை முறைகள் காட்டுகின்றன. மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் வகுத்த புலன் குவிப்பு முறை அவற்றுள் அடிப்படையானது. அதன் முதற்படி உறவுக்குத் தற்காலிகத் தடை விதிப்பதாகும். தேர்வு நீக்கப்பட்டமையால் தோல்வியும் நீங்குகிறது. அடுத்து இணையர் பாலுறுப்புகளைத் தவிர்த்து ஒருவரையொருவர் முறைவைத்துத் தொடுகின்றனர். கிளர்ச்சி அடைவதோ அடைவிப்பதோ நோக்கமன்று. தோலின் வெப்பம், அழுத்தம், மென்மை ஆகியவற்றைக் கவனிப்பதே நோக்கம். மனம் கணக்கெடுக்கச் செல்லும்போது மீண்டும் தொடுவுணர்வுக்குத் திருப்பப்படுகிறது. பதற்றமின்மை நிலைபெற்ற பின்னரே அடுத்தடுத்த படிகள் தொடர்கின்றன. பார்வையாளர் நிலையிலிருந்து பங்கேற்பாளர் நிலைக்குத் திரும்பும் பயிற்சி இது.

வான்கூவர் நகர உளவியலாளர் லோரி பிராட்டோ, மனநிறை கவனப் பயிற்சியை இத்துறையில் பயன்படுத்தி ஆராய்ந்தவர். மூச்சு, உடலின் உணர்வுகள், வந்துபோகும் எண்ணங்கள் ஆகியவற்றைத் தீர்ப்பிடாமல் கவனிக்கப் பழகுதல் இதன் சாரம். ‘நான் தோற்கிறேன்’ என்னும் எண்ணம் எழும்போது, அது செய்தியன்று, எண்ணம் மட்டுமே எனக் காணும் திறன் வளர்கிறது.

தனித்துத் தன்னை அறிதலும் ஏற்கப்பட்ட மருத்துவ முறையே. உச்சம் அடைய இயலாத பெண்களுக்குச் சுய இன்பத்தைப் படிப்படியான பயிற்சியாகப் பயன்படுத்தும் முறையை லோபிக்கோலோ, லோபிட்ஸ் இருவரும் 1972ஆம் ஆண்டு விளக்கினர். தன் உடலைக் கண்ணாடியில் காணுதல், உறுப்புகளின் பெயரையும் இடத்தையும் அறிதல், எத்தொடுகை இதமானது எனக் கண்டறிதல், பின்னர் அதனை இணையரிடம் கூறுதல் என அம்முறை விரிகிறது. ‘கெட்ட பழக்கம்’ என ஒதுக்கப்பட்ட செயலே இங்குத் தன்னறிவின் கருவியாவது நோக்கத்தக்கது.

இம்முறைகள் அனைத்தும் உச்சத்தை இலக்காக்குவதைக் கைவிடுமாறு கோருகின்றன. உறக்கத்தை வற்புறுத்தினால் உறக்கம் விலகுவதுபோல, உச்சத்தைத் துரத்தினால் அது விலகுகிறது. திருக்குறள் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் புணர்ச்சியின் மகிழ்வைப் பேசும் அதிகாரம் ஒன்றே. பார்வை, குறிப்பறிதல், பிரிவு, நினைவு, கனவு, ஊடல் ஆகியவையே பிற அதிகாரங்களை நிறைக்கின்றன. அப்பால் ஊடலின் உவகையில் நிறைவுறுகிறது. இன்பத்தை ஒரு கணத்தில் சுருக்காமல், இருவருக்கு இடையிலான நீண்ட உரையாடலாகக் காணும் பார்வை அவ்வமைப்பில் உள்ளது. புணர்ச்சி மகிழ்தல் அதிகாரத்தின் இறுதிக் குறள், புதியதை அறிய அறிய முன்னிருந்த அறியாமை புலப்படும் நிலையைக் காம இன்பத்திற்கு உவமையாக்குகிறது. இன்பத்தை அறிதலோடு இணைத்த அவ்வுவமை, தன்னறிவு முடிந்துபோவதன்று, வளர்ந்துகொண்டே இருப்பது என்பதையும் உணர்த்துகிறது.

9. மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

எல்லா இடர்ப்பாடும் மனம் சார்ந்ததன்று. நீரிழிவு, உயர் குருதியழுத்தம், தைராய்டு குறைபாடு, இயக்குநீர் மாற்றங்கள், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை வேட்கையையும் துலங்கலையும் பாதிக்கும். நடுவயதில் புதிதாகத் தோன்றி நீடிக்கும் விறைப்புக் குறைபாடு இதயக் குருதிக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். உறக்கத்திலும் விடியற்காலையிலும் விறைப்பு இயல்பாக இருந்து, இணையருடன் மட்டும் இல்லாவிடில், பதற்றத்தின் பங்கு மிகுதி எனக் கருதலாம். உறவின்போது வலி, குருதிக்கசிவு, வெள்ளைப்படுதலில் மாற்றம் ஆகியவை இருப்பின் பெண்கள் மகப்பேறு மருத்துவரை அணுகுதல் வேண்டும். விந்திழப்பு அச்சத்துடன் மனச்சோர்வோ வாழ்வில் வெறுப்போ சேர்ந்திருந்தால் உளமருத்துவரின் உதவி உடனே தேவை. அந்நிலையில் ‘இது வெறும் மூடநம்பிக்கை’ என எள்ளி அனுப்புதல் தீங்காகும். நம்பிக்கை பிழையாயினும் துயரம் மெய்யானது.

பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அது பாலியல் நலம் சார்ந்த நிலைகளுக்குத் தனி இயல் ஒன்றை வகுத்து, பாலியல் இடர்ப்பாடுகளை உள நோய்களின் இயலிலிருந்து அவ்வியலுக்கு மாற்றியுள்ளது. உடலா உள்ளமா எனப் பிரித்துக் காணும் பழைய வழக்கத்திலிருந்து விலகும் முயற்சி இது. உள்ளத்து நிகழ்வை மெய்யில் கண்ட மெய்ப்பாட்டியல் மரபுக்கு இப்பார்வை அயலானதன்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பாலியல் பதற்றம் உடலின் பழுதோ ஒழுக்கக் குறைவோ அன்று. ஆபத்து உள்ளதென நம்பும் மனத்திற்கு உடல் காட்டும் இயல்பான துலங்கல்.

விந்திழப்பு அச்சம் மரபுக் கருத்தும் வணிகமும் சேர்ந்து நிலைநிறுத்திய பிழையான நம்பிக்கை. உடலியல் அறிவால் நம்பிக்கையையும் பரிவான மருத்துவத்தால் துயரத்தையும் தீர்த்தல் வேண்டும்.

செயற்பாட்டுப் பதற்றத்தின் மையம் கவனத்தின் திசை. தோல்வியைக் கண்காணிக்கும் கவனத்தைத் தொடுவுணர்வுக்குத் திருப்புதலே சிகிச்சையின் சாரம்.

உடலின் துலங்கல் வேறு, உள்ளத்தின் விருப்பம் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் இசைவைப் பற்றியோ இன்பத்தைப் பற்றியோ பேசுதல் இயலாது.

தன் இன்பத்தை அறிந்து அதனைச் சொல்லால் உணர்த்த இயலும்போதே இணையர்க்கிடையே உரையாடல் தொடங்குகிறது. அதற்குப் பழிப்பும் அச்சுறுத்தலும் கலவாத சொற்கள் தேவை. அகப்பொருளை இலக்கணமாக வகுத்த மொழியில் அச்சொற்களுக்கு வளம் குறைவன்று. அவற்றை வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் புழக்கத்திற்குக் கொண்டுவருதல், கல்லூரி ஆசிரியரும் மொழியாய்வாளரும் மருத்துவரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.